பூக்கூடைக்கும் ஒரு இடம் வேண்டும்

புதுச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கடற்கரை. அடுத்தது மஞ்சள் சுவர். அந்தச் சுவரின் மேல் வழிந்து தொங்கும் காகிதப்பூ. தூமா வீதியிலோ ரொமேன் ரோலன் வீதியிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். காகிதப்பூவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசையே இருக்கும். கல்யாண ஜோடிகள், கல்லூரிப் பிள்ளைகள், குடும்பத்தோடு வந்தவர்கள் என்று எல்லாரும் அந்த ஒரே சுவருக்கு முன்னால் சிரிக்கிறார்கள்.

அந்த வரிசையை ஒட்டி, யார் படத்திலும் விழாமல் ஒதுங்கி நடந்து போகிறார் ஒரு பூக்காரம்மா. இடுப்பில் கூடை, கூடைக்குள் ஈரத்துணி, துணிக்கு அடியில் மல்லி. யாராவது படமெடுக்கும்போது குறுக்கே போய்விட்டால் அவரே "சாரிம்மா" என்று சொல்லிவிட்டு விலகுகிறார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காகிதப்பூ தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில்லின் பெயரைத்தான் அது உலகம் முழுக்கச் சுமக்கிறது. அதை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. தலையில் வைப்பதும் இல்லை. அதற்கு வாசனையும் கிடையாது. ஆனால் ஊரின் அடையாளம் அதுதான்! மல்லியும் முல்லையும் கனகாம்பரமும் தினமும் இந்த வீதிகளுக்கு நடந்தே வருகின்றன, ஆனாலும் அவை யார் கண்ணிலும் அடையாளமாகத் தெரிவதில்லை. சுவரைப் பாதுகாக்க விதிகள் இருக்கின்றன, குழுக்கள் இருக்கின்றன, நிதியும் இருக்கிறது. அந்தச் சுவருக்குள் இருக்கும் வாசலுக்குப் பூ கொண்டுவருபவருக்கு என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியைப் புதுச்சேரி கேட்டாக வேண்டும்.

ஒரு வாய்க்கால், இரண்டு வாசல்கள்

முதலில் ஊரின் அமைப்பைப் பார்த்துவிடலாம். பிரெஞ்சுக்காரர்கள் 1674-இல் இங்கே காலூன்றினார்கள். 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து, 1699 வரை வைத்திருந்தார்கள். நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும் வீதிகளுக்கான திட்டத்தை வரைந்தவர்கள் அவர்கள்தான். 1761-இல் ஆங்கிலேயர்கள் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். சில ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து மறுபடி கட்டினார்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் பக்கம் வெள்ளையர் நகரம். மேற்கே தமிழர் நகரம். இந்தப் பிரிவு இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிகிறது.

இரண்டு பக்கத்து வீடுகளும் வாசலிலேயே வேறுபடுகின்றன. கிழக்கே உயரமான மதில், பெரிய கதவு, கதவைத் திறந்தால் உள்ளே தோட்டம். வீதியோடு பேசாத வீடுகள் அவை. மேற்கே தாழ்வாரம், திண்ணை, அதைத் தாண்டி நடை, அதற்கப்புறம் முற்றம். தாழ்வாரத்தின் ஓட்டுக் கூரையை மரத்தூண்கள் தாங்கி நிற்கும். வழிப்போக்கன் மழைக்கு ஒதுங்கலாம், வெயிலுக்கு உட்காரலாம். யாரும் "யாரு நீ?" என்று கேட்க மாட்டார்கள். வீதியை வீட்டுக்குள்ளும் வீட்டை வீதிக்குள்ளும் கொஞ்சம் கலந்துவிட்ட கட்டடக்கலை அது.

பூக்காரம்மாவின் தொழில் இந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தது. கூடையை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். முழம் போட இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். வீட்டம்மா உள்ளிருந்து வரும்வரை காத்திருக்க நிழல் வேண்டும். குடிக்கத் தண்ணீர் கேட்க ஒரு முகம் வேண்டும். இவ்வளவையும் வாடகை இல்லாமல் கொடுத்தது திண்ணை. ஆக, திண்ணையைப் பாரம்பரியம் என்று சொல்லுபவர்கள் அதன் மேல் இறங்கிய கூடையையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வதுதான் நியாயம்.

விடிவதற்கு முன்னால்

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே இருக்கிறது குபேர் அங்காடி. ஊர்க்காரர்களுக்கு அது பெரிய மார்க்கெட். விடுதலைக்குப் பிந்தைய புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயர் அதற்கு. ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அங்கே பூ வந்து இறங்குகிறது. ஓசூர்ப் பக்கத்து ரோஜா, திண்டுக்கல் பக்கத்து மல்லி, பக்கத்துக் கிராமங்களின் அரளியும் சம்பங்கியும் எல்லாம் சாக்குகளிலும் கூடைகளிலும் வந்து குவிகின்றன. உதிரிப்பூ எடையில் வாங்கப்படுகிறது. அதை விற்கும்போது எடை கிடையாது, முழம்தான்.

எடைக்கும் முழத்துக்கும் நடுவில்தான் பூக்காரப் பெண்களின் உழைப்பு முழுவதும் ஒளிந்திருக்கிறது. மொட்டாக வாங்கிய மல்லியை ஈர வாழைநாரில் இரண்டு இரண்டாக வைத்துக் கட்ட வேண்டும். கண்ணி நெருக்கமாக விழுந்தால் பூ அதிகம் பிடிக்கும், நஷ்டம். தளர்ந்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். மொட்டு விரிவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். காலையில் நூறு ரூபாய்ப் பொருளாக இருந்தது சாயங்காலம் வாசனை மட்டும் உள்ள குப்பை. இவ்வளவு குறைந்த ஆயுள் உள்ள சரக்கை வைத்து வியாபாரம் செய்பவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்? மீன்காரரிடமாவது ஐஸ் இருக்கிறது!

விலையும் ஒரு நிலையில் நிற்பதில்லை. மார்கழி, தை மாதப் பனியில் மல்லி விளைச்சல் குறையும். பொங்கல் நேரத்தில் மதுரைச் சந்தையில் மல்லி கிலோ 2,000 ரூபாயைத் தாண்டியது பலமுறை செய்தியாகியிருக்கிறது. கோடையில் வரத்து பெருகும்போது அதே மல்லி அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு இறங்கிவிடும். ஆனால் வாடிக்கை வீட்டில் மாதக் காசு முன்னமே பேசி முடித்ததாக இருக்கும். "என்னக்கா, முழம் சின்னதாயிடுச்சு?" என்று கேட்டால் பூக்காரம்மா சிரிப்பார். "கை அதே கைதாம்மா, பூ வெலதான் ஏறிப்போச்சு" என்பார். சந்தையின் ஏற்ற இறக்கத்தை அந்த ஒரு முழங்கைதான் தாங்குகிறது.

கூடையில் இருக்கும் முகவரி

பூ கொண்டுபோவது என்றால் ஒரு பொருளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்தில் சேர்ப்பது என்றுதான் இன்றைய தலைமுறை நினைக்கிறது. கைப்பேசியில் முகவரியைப் போட்டால், வண்டியில் ஒரு பையன் கொண்டுவந்து கதவில் மாட்டிவிட்டுப் போகிறான். அதுவும் உழைப்புதான், அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாடிக்கைப் பூவின் கணக்கே வேறு.

எந்த வீட்டில் சாமிப் படத்துக்கு ஒரு முழம், எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும் கதம்பம், யாருக்குக் கனகாம்பரம் பிடிக்கும், யாருக்குச் சாமந்தி வாசம் ஆகாது என்பதெல்லாம் பூக்காரம்மாவுக்கு மனப்பாடம். தீட்டு உள்ள வீட்டைக் கேட்காமலேயே தாண்டிப் போவார். பதின்மூன்றாம் நாளுக்குப் பிறகு அவரே குரல் கொடுப்பார். வளைகாப்பு எப்போது, பெண் பார்க்க வருவது எப்போது என்பது உறவுக்காரர்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். தலைக்கும் சாமிக்குமாக இரண்டு முழம் வாங்கிய வீட்டில் ஒரு நாள் ஒரு முழம் போதும் என்றால், ஏன் என்று அவர் கேட்க மாட்டார். கேட்கத் தேவையில்லை. அந்த வீட்டு அம்மாவின் நெற்றியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கொடுமை என்னவென்றால், பூ விற்கும் பெண்களில் கணவனை இழந்தவர்களும் உண்டு. நாளெல்லாம் மற்றவர் தலைக்குப் பூ கட்டிக் கொடுத்துவிட்டு, ஊர் என்ன சொல்லுமோ என்று ஒரு கிள்ளுப் பூகூடத் தன் தலையில் வைக்காமல் வீட்டுக்குப் போகிறவர்கள். மங்கலத்தை விற்றே பிழைக்க வேண்டும், அந்த மங்கலத்தில் மட்டும் பங்கு கிடையாது என்கிற இந்த வழக்கத்தைப் பாரம்பரியம் என்ற பெயரில் யாரும் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. அது போகட்டும். காப்பாற்ற வேண்டியது அந்தப் பெண்ணின் பிழைப்பை.

வாய்க்காலைத் தாண்டும் பூ

ஊரைப் பிரித்த வாய்க்காலைப் பூ ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. மார்க்கெட் மேற்கே. மணக்குள விநாயகர் கோயிலோ கிழக்கே, வெள்ளையர் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. பிள்ளையாருக்கு அருகம்புல்லும் எருக்கம்பூ மாலையும் தாமரையும் தினமும் வாய்க்காலைத் தாண்டித்தான் போகின்றன. அதே கோயிலுக்கு அருகில் மரீன் வீதியில் அரவிந்தர் ஆசிரமம். 1910-இல் புதுச்சேரிக்கு வந்த அரவிந்தரும், பாரிசில் பிறந்து இங்கே வாழ்ந்து 1973-இல் மறைந்த அன்னையும் அங்கே ஒரே சமாதியில் இருக்கிறார்கள். அந்தச் சமாதியின் மேல் ஒவ்வொரு நாளும் புதிதாகப் பூ அலங்காரம். அன்னை ஏறத்தாழ 900 பூக்களுக்கு அவற்றின் உட்பொருளைச் சொல்லும் பெயர்களைச் சூட்டினார். துளசிக்குப் பக்தி, செம்பருத்திக்குச் சக்தி. சமாதிக்கு நிழல் தரும் மஞ்சள் கொன்றை மாதிரியான மரத்துக்குச் சேவை. ஒரு பிரெஞ்சுப் பெண்மணி பூவின் மூலம் பேசுவதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் எது?

இதோடு முடியவில்லை. மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வருகின்றன. ஒவ்வொரு சாமிக்கும் ஆளுயர மாலை. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அன்று உப்பளம் கல்லறைகளில் சாமந்தியும் மெழுகுவத்தியும். ஜூலை 14-இலும் நவம்பர் 11-இலும் கடற்கரைச் சாலையின் பிரெஞ்சுப் போர் நினைவிடத்தில் மலர் வளையம். சம்பா கோயிலில் கல்யாணம் என்றாலும் ஈஸ்வரன் கோயிலில் கல்யாணம் என்றாலும் மாலை வருவது ஒரே மார்க்கெட்டிலிருந்துதான். பிரெஞ்சு, தமிழ், இந்து, கிறிஸ்தவம், ஆசிரமம் என்று தனித்தனியாகப் பேசப்படுகிற புதுச்சேரிகளை ஒன்றாக இணைப்பது எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் பூ என்று சொல்லலாம்.

மாறிப்போன வாசல்கள்

அப்படியிருந்தும் கூடை ஏன் இளைத்துக்கொண்டே போகிறது? காரணங்கள் பல.

முதலாவது, வீடுகள் வீடாக இல்லை. வெள்ளையர் நகரத்திலும் இப்போது தமிழர் நகரத்திலும் பழைய வீடுகள் ஒவ்வொன்றாகத் தங்கும் விடுதியாகவும் காபிக் கடையாகவும் துணிக்கடையாகவும் மாறுகின்றன. இதில் நல்லதும் உண்டு. விடுதியாக மாறியதால்தான் இடியாமல் தப்பிய வீடுகள் இருக்கின்றன. ஆனால் ஒரு வீதியில் பத்துக் குடும்பங்கள் போய்ப் பத்து விடுதிகள் வந்தால், வாடிக்கைப் பூ வாங்க யார் இருப்பார்கள்? இரண்டு நாள் தங்க வருபவர் மாதக் கணக்கு வைக்க முடியுமா? விடுதியின் வரவேற்பறையில் உருளியில் மிதக்கும் பூ அழகாகத்தான் இருக்கிறது. அது மொத்த வியாபாரியிடமிருந்து வண்டியில் வருகிறது. கூடையிலிருந்து வருவதில்லை.

இரண்டாவது, திண்ணை போய்விட்டது. தாழ்வாரத்தை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்தாகிவிட்டது. எஞ்சிய திண்ணைகளில் கம்பி வேலி. அடுக்குமாடிகளில் "அனுமதி இல்லை" என்ற பலகை. மூன்றாவது மாடிக்கு அறுபது வயதுப் பெண்மணி ஒரு முழம் பூவுக்காக ஏறி இறங்க முடியாது. முன்பு மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறங்கும். இப்போது மாடியில் ஜன்னலே திறப்பதில்லை.

மூன்றாவது, தலையில் பூ வைக்கும் வழக்கமே குறைந்துவிட்டது. அலுவலகம் போகும் பெண்ணுக்குத் தினமும் பூ வைக்க நேரமில்லை, விருப்பமும் இல்லை. அது அவர் உரிமை. அதற்காக யாரையும் கடிந்துகொள்ள முடியாது.

நான்காவது, 2020-இன் ஊரடங்கு. கோயில்கள் மூடின, கல்யாணங்கள் நின்றன, வீட்டுக்குள் வெளி ஆளை விடப் பயந்தார்கள். அந்த மாதங்களில் பல ஊர்களில் விவசாயிகள் பூவைப் பறித்துக் குப்பையில் கொட்டினார்கள். தினமும் வந்த ஒரு பழக்கம் சில மாதங்கள் நின்றுவிட்டால் திரும்பி வருவது கடினம். "இனிமே வேணாம் பூக்காரம்மா, வெள்ளிக்கிழமை நாங்களே வாங்கிக்கிறோம்" என்று சொல்லிவிடுவது வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. நடந்து பூப் போடும் ஒருவருக்கு ஒரு வீதியில் பத்து வீடு அப்படிச் சொன்னால், அந்த வீதிக்குள் நுழைவதே வீண்.

கியோத்தோவும் ஆம்ஸ்டர்டாமும் சொல்லும் பாடம்

இது புதுச்சேரிக்கு மட்டும் வந்த சிக்கல் என்று நினைக்க வேண்டாம். ஜப்பானின் பழைய தலைநகரம் கியோத்தோ. அதன் வடகிழக்கே கிதாஷிரகவா என்ற பகுதி. அங்கிருந்து பெண்கள் தலையில் பூச்சுமையோடு நகரத்துக்குள் நடந்து வந்து, வீடு வீடாகப் பூ விற்றார்கள். ஷிரகவாமே என்று அவர்களுக்குப் பெயர். நூற்றாண்டுகள் பழமையான தொழில். இன்று அந்தப் பெண்களை எங்கே பார்க்கலாம் தெரியுமா? 1895-இல் தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 22-இல் நடக்கும் ஜிதாய் மத்சுரி என்ற காலங்களின் திருவிழா ஊர்வலத்தில் பார்க்கலாம். அவர்களைப் போல உடையணிந்த பெண்கள் தலையில் பூவோடு நடந்து போகிறார்கள். மக்கள் படமெடுக்கிறார்கள். வாசல்களில் பூ விற்ற அந்தத் தொழிலோ ஏறக்குறைய மறைந்தேவிட்டது. உடை பிழைத்தது, பிழைப்பு பிழைக்கவில்லை.

இன்னொரு பக்கம் ஆம்ஸ்டர்டாம். புதுச்சேரிக்கு வீதிப்படம் வரைந்த டச்சுக்காரர்களின் ஊர். அங்கே சிங்கெல் கால்வாயில் மிதக்கும் பூச்சந்தை 1862-இல் தொடங்கியது. சுற்றுலாப் பயணிகள் பெருகப் பெருக, அங்கே வாடும் பூவின் இடத்தைக் கிழங்குகளும் விதைப் பொட்டலங்களும் காந்தம் ஒட்டிய நினைவுப் பொருள்களும் பிடித்துக்கொண்டன. அக்கம்பக்கத்தார் பூ வாங்கப் போன சந்தை, வெளியூர்க்காரர் வேடிக்கை பார்க்கப் போகும் சந்தையாகிவிட்டது.

இரண்டும் இரண்டு விதமான முடிவுகள். ஒன்றில் தொழில் ஊர்வலமானது. மற்றொன்றில் சந்தை காட்சிப் பொருளானது. புதுச்சேரி இந்த இரண்டில் எதற்கும் போகாமல் இருக்க வேண்டுமென்றால் இப்போதே யோசித்தால்தான் உண்டு.

எதிர்ப்பக்க நியாயங்கள்

இதற்கு மறுப்புச் சொல்பவர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. "காலம் மாறுகிறது. தந்தி போனது, டைப்ரைட்டர் போனது, பூக்கூடையும் போகட்டுமே" என்பார்கள். "பூக்காரம்மாவே தன் மகள் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது என்றுதானே படிக்க வைக்கிறார்? அவர் விரும்பாததை நீங்கள் ஏன் காப்பாற்றத் துடிக்கிறீர்கள்?" என்றும் கேட்பார்கள். கூர்மையான கேள்விதான்.

மகள் வேறு வேலைக்குப் போகட்டும், நல்லபடியாகப் போகட்டும். யாரையும் பிறப்பைக் காட்டி ஒரு கூடையோடு கட்டிப்போடுவது பாரம்பரியமாகாது, அநியாயம். ஆனால் இன்றைக்குக் கூடை சுமப்பவருக்கு ஐம்பது, அறுபது வயது. அவர் இனிமேல் கணினி படிக்கப் போவதில்லை. அவருக்கு மீதமிருக்கும் உழைக்கும் ஆண்டுகள் மரியாதையாகக் கழிய வேண்டாமா? தவிர, எந்தத் தொழிலும் மரியாதையும் நிழலும் நிச்சயமான வருமானமும் இல்லாமல் இருக்கும்போது பிள்ளைகள் அதை வெறுப்பது இயல்பு. தொழிலை வெறுக்கிறார்களா, தொழிலின் கேவலமான நிலைமையை வெறுக்கிறார்களா என்பது நிலைமையைச் சரிசெய்து பார்த்த பிறகுதான் தெரியும்.

"நடைபாதையில் நெரிசல்" என்பது அடுத்த புகார். வார இறுதியில் வெள்ளையர் நகரத்தின் குறுகிய வீதிகளை அடைத்துக்கொண்டு நிற்பவை வெளியூர்க் கார்கள். இரண்டு சதுர அடிக் கூடையை நெரிசலுக்குக் காரணம் காட்டுவது சரிதானா?

என்ன செய்யலாம்?

புதிதாகச் சட்டம் எதுவும் தேவையில்லை. 2014-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டமே போதும். ஓரிடத்தில் உட்கார்ந்து விற்பவர், நடமாடி விற்பவர் இருவரையும் அது வியாபாரி என்று ஏற்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியமான ஒரு வரி அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. தெருவோர வியாபாரிகள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தொழில் செய்துவரும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும், அங்கிருந்து வியாபாரிகளை இடம் மாற்றக்கூடாது என்கிறது அது.

கவனியுங்கள். பாரம்பரியம் என்ற சொல்லைச் சட்டமே கட்டடத்திலிருந்து இறக்கி, தரையில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குக் கொடுத்திருக்கிறது! கோயில் வாசல்களிலும் மார்க்கெட்டைச் சுற்றியும் தலைமுறையாகப் பூ விற்கப்படும் இடங்கள் எவை என்று கணக்கெடுத்து, இந்த வரியின் கீழ் அறிவிக்க முடியுமா என்று பார்ப்பதே முதல் வேலை. நடந்து விற்பவர்களுக்கு நடமாடும் வியாபாரி என்ற சான்றிதழ் கொடுப்பது இரண்டாவது வேலை. கையில் ஒரு சான்றிதழ் இருந்தால் யாரும் வந்து கூடையைத் தூக்க முடியாது. 2020 ஜூனில் தொடங்கிய மத்திய அரசின் ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணையாக 10,000 ரூபாய் கடன் கிடைத்தது தெருவோர வியாபாரி என்ற அடையாளம் காட்ட முடிந்தவர்களுக்குத்தான். கந்துவட்டிக்கும் வங்கிக் கடனுக்கும் நடுவில் நிற்பது அந்த ஒரு காகிதம்.

குபேர் அங்காடி விஷயம் கொஞ்சம் வேறு. அது நகராட்சிக் கட்டடம், உள்ளே வாடகைக் கடைகள். மேலே சொன்ன சட்டம் அதற்கு நேரடியாகப் பொருந்தாது. 2017-இல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் புதுச்சேரி சேர்ந்த பிறகு, மார்க்கெட்டைப் புதிதாகக் கட்டும் திட்டம் வந்தது. கடைகளைக் காலி செய்ய வியாபாரிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மார்க்கெட் மழைக்கு ஒழுகாமல், கழிப்பறையோடு, சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் பூக்கடைகளை ஊருக்கு வெளியே தற்காலிகமாகக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை யோசிக்க வேண்டும். காய்கறிக்காரர் வண்டி பிடித்து வந்துவிடுவார். கூடையோடு நடப்பவருக்கு மார்க்கெட்டும் வீதியும் நடை தூரத்தில் இருந்தால்தான் தொழில். எனவே எப்போது எதைக் கட்டினாலும் பகுதி பகுதியாகக் கட்டுவதும், பூ வரிசையைக் கடைசிவரை அங்கேயே வைத்திருப்பதும் நல்லது.

அரசாங்கம் மட்டும் செய்யக்கூடியது இல்லை இது. பழைய வீட்டை விடுதியாக்கியவர்கள் ஒரு சின்ன ஏற்பாடு செய்யலாம். அறைகளுக்கும் வரவேற்பறைக்கும் வேண்டிய பூவை அந்த வீதியில் நடக்கும் பூக்காரம்மாவிடமே வாங்கலாம். மாதக் கணக்காக, விலை ஏறினால் ஏற்றிக் கொடுத்து. அவர் உட்காரத் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் இடம் கொடுக்கலாம். அந்த வீட்டைக் கட்டியவர் தாழ்வாரம் வைத்ததே அதற்காகத்தானே? அடுக்குமாடிச் சங்கங்கள் கீழே காவலாளி அறைக்குப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு பூப்பை மாட்டும் பலகை வைக்கலாம். செலவு சில நூறு ரூபாய்.

பூக்காரர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. நெகிழிப் பையில் பூவைக் கட்டிக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். வாழையிலைக் கிழிசலும் மந்தாரை இலையும் தாமரை இலையும் இருந்த தொழிலுக்கு அது பொருந்தவில்லை. இலையில் வைத்த பூ கூடுதல் நேரம் வாடாமலும் இருக்கும்.

இடிந்ததும் எழுந்ததும்

கடைசியாக ஒன்று. 2014 நவம்பர் 29-ஆம் தேதி, விடாத மழையில் கடற்கரைச் சாலையின் பழைய மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. ஊரே வருந்தியது. பிறகு பழைய படங்களையும் அளவுகளையும் வைத்து, அதே இடத்தில் ஏறக்குறைய அதே தோற்றத்தில் திரும்பக் கட்டினார்கள். வைசியாள் வீதியில் பாழடைந்த முகப்புகளையும் தாழ்வாரங்களையும் புதுப்பித்தார்கள். அந்த வீதிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. பணமும் மனமும் இருந்தால் கட்டடத்தை மீட்கலாம் என்பதற்கு இந்த ஊரே சாட்சி.

பூக்காரம்மாவின் வழித்தடத்துக்கு வரைபடம் கிடையாது. எந்த வாசலில் எத்தனை முழம், எந்த வாசலைச் சத்தமில்லாமல் தாண்ட வேண்டும், எந்தப் பாட்டிக்குத் தினமும் இரண்டு வார்த்தை பேசினால்தான் பொழுது விடியும் என்பதெல்லாம் எந்த ஆவணத்திலும் இல்லை. அது இருப்பது நடந்து நடந்து தேய்ந்த ஒரு மனுஷியின் நினைவில். அவர் வருவது நின்றுபோனால், எத்தனை கோடி கொடுத்தாலும் அதே அளவில் திரும்பக் கட்ட முடியாது.

அடுத்த முறை காகிதப்பூவுக்கு முன்னால் படமெடுக்கும்போது கூடை ஒன்று குறுக்கே வந்தால், விலகிக்கொள்ள வேண்டியது யார் என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம். முடிந்தால் ஒரு முழம் வாங்கலாம். பேரம் பேசாமல்.